பக்காவ் காட்டை அரசிதழில் ஏற்றுவது எப்படி: கடலோரத் தோட்டப்புறத்தாருக்கு ஒரு வழிகாட்டி

சிலாங்கூர் கடலோரத்து ஜெராமில் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் நீளமாக ஒரு மண் வரப்பு ஓடுகிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் அளந்து வைத்த மர வரிசை. அந்தப் பக்கம் சேறு, வேர், தண்ணீர், கொக்கு. எங்கள் அப்பா காலத்துத் தோட்டத்து ஆட்கள் அதை 'பக்காவ் காடு' என்பார்கள். சேற்று நண்டு பிடிக்கவும் லீவு நாளில் தூண்டில் போடவும் போவார்கள். கண்டல் காடு, அலையாத்திக் காடு என்ற சொற்களை நான் பிற்பாடுதான் புத்தகத்தில் படித்தேன். அலையாத்தி என்றால் அலையை ஆற்றுகிற காடு. பெயர் வைத்தவர் ஒரு புயல் நாளில் அதன் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருபது பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு 300 பக்காவ் கன்றுகளை வெளிச்சேற்றில் நட்டோம். படம் எடுத்தோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம். அடுத்த தீபாவளிக்குள் அத்தனை கன்றையும் அலை கொண்டுபோய்விட்டது. அதற்கடுத்த வருடம் பக்கத்துத் துண்டில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பெரிய மரங்கள், எங்கள் தாத்தா காலத்து மரங்கள், இறால் குளத்துக்காக இரண்டே வாரத்தில் காணாமல் போயின. ஓடிப்போய்க் கேட்டபோதுதான் அந்த நிலம் எப்போதோ குத்தகைக்குப் போயிருந்தது தெரிந்தது. காகிதம் அவர்களிடம் இருந்தது. எங்களிடம் இருந்தது படம் மட்டும்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் கன்று நடுவதைப் பற்றி முதலில் பேசுவதில்லை. நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு காட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்குவது என்றால், மாநில அரசின் அரசிதழில், மலாயில் வர்த்தா என்கிறார்களே, அதில் எல்லையோடும் நோக்கத்தோடும் அதை ஏற்றுவது. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் அலைந்து கற்றதைப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். சிலாங்கூரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பேராக்கிலோ கெடாவிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலான படிகள் இவையே.

முதல் படி: சேறு யாருடையது?

மலேசியாவில் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே புத்ராஜெயாவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தால் காலம்தான் போகும். நீங்கள் போக வேண்டிய முதல் இடம் உங்கள் மாவட்ட நில அலுவலகம். எங்களுக்குக் கோலசிலாங்கூர்.

போவதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, காட்டின் நான்கு மூலைகளிலும் நின்று இடக்குறியீட்டு எண்களை எழுதிக்கொண்டால் போதும். பக்கத்தில் இருக்கிற லாட் எண்களைத் தோட்ட அலுவலகத்திலோ ஊர்த் தலைவரான பெங்ஹுலுவிடமோ கேட்டு வையுங்கள். நில அலுவலக முகப்பில் இந்த எண்களைக் கொடுத்து, 'சாரியான்', அதாவது நிலப் பதிவேட்டில் தேடல், செய்ய வேண்டும் என்றால் புரிந்துகொள்வார்கள். சிறிய கட்டணம்தான். பட்டா இருக்கிற நிலமானால் உரிமையாளர் பெயர், குத்தகைக் காலம், அடமானம், எல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும்.

பதில் நான்கில் ஒன்றாக இருக்கும். யாருக்கும் கொடுக்கப்படாத அரசு நிலம். ஏதாவது ஒரு காரியத்துக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ரிசாப் நிலம், உதாரணமாக ஆற்றோர ஒதுக்கீடு. வன இலாகாவின் நிரந்தரக் காப்புக்காடு. அல்லது தனியார் நிலம். முதல் மூன்றில் ஏதாவது என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. தனியார் நிலமென்றால் மாநிலம் அதை விலை கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும், அது சிறு குழுவின் சக்திக்கு மீறியது. அப்படிப்பட்ட துண்டை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றப் பாருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு துண்டுக்காக முழுக் கோப்பும் வருடக்கணக்கில் முடங்கிவிடும்.

தோட்டக்கரைகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். தேசிய நிலச் சட்டத்தின் 49ஆவது பிரிவின்படி கடல் பின்வாங்கி வெளியே புதிதாகச் சேறு படிந்தால், அந்தப் புது நிலம் அரசுடையது. பட்டாக்காரர் எல்லை கூடவே நகர்ந்து வராது. கடல் உள்ளே ஏறிப் பட்டா நிலத்தை விழுங்கினாலும் விழுங்கிய பகுதி அரசுக்கே போகிறது. எங்கள் பக்கத்தில் பழைய வரப்பு உடைந்து கடல் உள்ளே வந்த இடங்களில் இப்போது தானாகவே காடு வளர்ந்திருக்கிறது. 'அது தோட்டத்து நிலம்' என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் உண்மையில் அரசு நிலமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சட்டத்தின் கீழ்?

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம். மாநில அரசு ஓர் இடத்தை நிரந்தரக் காப்புக்காடாக அறிவிக்கிறது, பிறகு அதை எதற்காக வைத்திருக்கிறது என்று வகைப்படுத்துகிறது. இந்த வகைதான் உயிர்நாடி. காப்புக்காடு என்றாலே யாரும் வெட்டக்கூடாது என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. பேராக்கின் மாத்தாங் காப்புக்காட்டைப் பாருங்கள். சுமார் 40,000 ஹெக்டர், 1902ஆம் ஆண்டிலிருந்து வன இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கிறது, உலகமே அதை நன்றாகப் பராமரிக்கப்படும் கண்டல் காடு என்று சொல்கிறது. அங்கே பெரும்பகுதியில் 30 வருடச் சுழற்சியில் மரம் வெட்டிக் கரி சுடுகிறார்கள். கோலசெப்பேத்தாங் கரிச் சூளைகளுக்கு மரம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த முறை அங்கே பொருந்துகிறது. ஐம்பது, அறுபது ஹெக்டரே உள்ள ஒரு தோட்டக்கரைக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் மனுவில் 'காப்புக்காடு' என்று மட்டும் எழுதாதீர்கள். மண் பாதுகாப்பு, வனவிலங்குச் சரணாலயம், கல்வி, பொழுதுபோக்கு என்று சட்டத்தின் 10ஆவது பிரிவில் இருக்கிற வகைகளில் பொருத்தமானதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டு, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவு. அரசு நிலத்தை ஒரு பொது நோக்கத்துக்காக ஒதுக்கி, யார் பொறுப்பு என்பதையும் அரசிதழில் போடுவார்கள். இது கொஞ்சம் சுலபம். ஆனால் அந்தப் பொறுப்பு அதிகாரிக்கு ரோந்து ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

மூன்று, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சரணாலயம். அரிய பறவையோ விலங்கோ இருப்பதை உறுதியாகக் காட்ட முடிந்தால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் காது கொடுக்கும். மாநிலப் பூங்கா என்று இன்னொரு வழியும் உண்டு. பேராக்கிலும் ஜொகூரிலும் அதற்கென்றே தனிக் கழகங்கள் இருக்கின்றன.

சிலாங்கூரில் ஒரு சிறு குழு எதைக் கேட்பது நல்லது என்றால், நான் வனச் சட்டத்தைத்தான் சொல்வேன். இரண்டு காரணம். வன இலாகாவுக்கு அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அப்புறம், சிலாங்கூர் 2011இல் தன் வனச் சட்டத்தைத் திருத்தி, காப்புக்காட்டிலிருந்து எந்த நிலத்தை எடுப்பதற்கும் முன்னால் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று வைத்தது. 2022இல் தேசியச் சட்டத்திலும் அதே போன்ற திருத்தம் வந்தது, ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் ஏற்றால்தான் அங்கே செல்லும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

பொது விசாரணையின் வலிமையை நாங்கள் எங்கள் மாநிலத்திலேயே பார்த்தோம். 2020 பிப்ரவரியில் கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டின் சுமார் 931 ஹெக்டரை விலக்கும் அறிவிப்பு நாளிதழில் வந்தது. அது கண்டல் காடல்ல, கரிமண் சதுப்புக்காடு. தெமுவான் பூர்வகுடியினர், சுற்றுச்சூழல் அமைப்புகள், சாதாரண மக்கள் என்று எல்லாரும் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். நடுவில் ஒரு பகுதிக்கு விலக்கும் கொடுக்கப்பட்டது. கடைசியில் 2021 செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. விசாரணை என்று ஒன்று சட்டத்தில் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கடிதங்களை எங்கே கொடுப்பது?

முக்கியமான ஈரநிலங்களுக்கான அனைத்துலக ராம்சார் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஜொகூரின் தஞ்சோங் பியாய், புலாவ் குக்கூப், சுங்கை பூலாய் மூன்றும் 2003இல் அந்தப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் அது பெயரும் புகழும். பூட்டுப் போடுவது மாநில அரசிதழ்.

மூன்றாம் படி: காட்டில் கால் வைத்துப் பிழைக்கிறவர்கள்

சட்டத்தைப் படித்து முடித்ததும் மனு எழுத உட்காராதீர்கள். காட்டுக்குள் போய் வருகிறவர்களைப் போய்ப் பாருங்கள். எங்கள் கரையில் மலாய் மீனவர்கள் உண்டு, சீன மீனவர்கள் உண்டு, நண்டுக்கூண்டு வைக்கிற நம் ஆட்கள் உண்டு, கெராங் சிப்பி பொறுக்குகிற அம்மாக்கள் உண்டு. 'பாதுகாப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் மனதில் வருவது வேலியும் அபராதமும்தான். நியாயமான பயம்.

நாங்கள் முதலில் போனது நண்டு பிடிக்கிற ஒரு பெரியவரிடம். லயத்தில் பிறந்தவர், பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியபோது வேலையை விட்டுச் சம்பான் வாங்கியவர். அவர் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். "நீங்கள் காட்டைப் பூட்டினால் நான் எங்கேயா போவேன்?" என்று கேட்டார். பூட்டுவது மண்வாரி இயந்திரத்துக்குத்தான், கூண்டுக்கு இல்லை என்று சொன்னோம். "அதை எழுதிக் கொடுப்பியா?" என்றார். எழுதிக் கொடுத்தோம். எங்கள் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, சிறு கருவிகளால் மீன், நண்டு, கெராங் எடுப்பது தொடரும் என்ற வரி இருக்கிறது. அதற்கப்புறம் அவர் ஒரு நாட்காட்டியின் பின்பக்கத்தில் காட்டுக்குள் ஓடும் ஓடைகள் அத்தனையையும் வரைந்து தந்தார். எந்த ஓடை எந்த மாதம் தூர்ந்து போகும், நீர்நாய் எங்கே ஏறும், எல்லாம் அதில் இருந்தது. பணம் கொடுத்தாலும் அப்படி ஒரு வரைபடம் கிடைக்காது.

பூர்வகுடிக் கிராமங்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களுடைய உரிமை உங்களுடையதைவிட மூத்தது. கேரித் தீவில் மா மெரி மக்கள் தங்கள் முகமூடிகளையும் சிலைகளையும் நீரே பத்து என்ற கண்டல் மரத்தில்தான் செதுக்குகிறார்கள். அந்த மரத்தை எடுக்கிற உரிமையை மறந்து ஒரு காப்பகத் திட்டம் எழுதினால் அது அநியாயம்.

தோட்ட நிர்வாகத்தையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் அது எதிர்ப்பக்கம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் வரப்புக்கு வெளியே மரம் இருக்கிறவரை வரப்பு நிற்கும், மரம் போனால் வருடா வருடம் மண் கொட்ட வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்தால் செம்பனை மஞ்சளாகும். இது மேனேஜருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எங்களுக்கு வரப்பின்மேல் நடக்க அனுமதி, பழைய அளவைப் படங்கள், மதகு திறக்கும் நேரங்கள் எல்லாம் தோட்டத்து அலுவலகத்திலிருந்துதான் கிடைத்தன. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே கிராணியாக இருப்பார், அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: காட்டைக் கணக்கெடுப்பது

நீர்மட்ட அட்டவணை இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக வற்றும். வற்றின போது வெகுதூரம் நடக்கலாம் என்ற ஆசை வரும். திரும்பி ஏறும் தண்ணீர் ஓடைகளில் முதலில் நிரம்பி, உங்களுக்குப் பின்னால் வழியை அடைத்துவிடும். வற்று முடிவதற்கு 2 மணி நேரம் முன்பு இறங்குங்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் வரப்பேறிவிடுங்கள். தனியாக யாரும் போகக்கூடாது. முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கை, தண்ணீர், விசில்.

மரங்களை அடையாளம் காண்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. அலை முதலில் மோதுகிற ஓரத்தில் நிற்பது அப்பி-அப்பி, நம் வெண்கண்டல். அடியைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோல் மூச்சுவேர்கள் நிற்கும். இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும், அது உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிற மரம். அதற்குப் பின்னால், முட்டுக் கொடுத்த கால்களைப்போல் வளைந்த வேர்களோடு பக்காவ். விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் தொங்கும். இன்னும் உள்ளே தூமுவும் லெங்கடாயும். ஆற்றுவாயில் உப்புக் குறைந்த இடங்களில் பெரெம்பாங். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவது இந்த மரத்தில்தான். அந்த மின்மினியின் புழுக்கள் கரைக்குப் பின்னால் ஈர நிலத்தில் நத்தையைத் தின்று வளர்கின்றன. ஆகவே ஆற்றோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது. எல்லை போடும்போது பின்நிலத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மேட்டுப்பக்கம் தில்லை இருக்கும். ஆமாம், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை. மலாய்க்காரர்கள் 'பூத்தா-பூத்தா' என்கிறார்கள், குருடு என்று பொருள். கிளை ஒடிந்தால் வடிகிற வெள்ளைப்பால் கண்ணில் பட்டால் பார்வையே மறைக்கும், தோலும் வெந்துபோகும். பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் காட்ட வேண்டிய மரம் இதுதான். பியாய் என்ற பெரிய பெரணி புதர்புதராக மண்டியிருந்தால் அந்த இடத்தில் யாரோ மரம் வெட்டியிருக்கிறார்கள் அல்லது தண்ணீர் வராமல் மேடேறிப்போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்க, கடலிலிருந்து வரப்பு நோக்கி ஒரு நேர்க்கோடு பிடியுங்கள். அந்தக் கோட்டில் இடைவெளி விட்டு 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கட்டி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்தின் பெயரையும் சுற்றளவையும் எழுதுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பக்காவில் மட்டும் மேல் முட்டுவேரிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வேரையும் மரமென்று கணக்கு வைத்துவிடுவீர்கள். பறவைகளைச் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை பாருங்கள். வடக்கே சைபீரியா பக்கத்திலிருந்து இறங்கும் கரைப்பறவைகள் நம் சேற்றில்தான் இரை தேடுகின்றன. ஒவ்வொரு படத்திலும் தேதியும் இடமும் இருக்கட்டும்.

ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரை எப்படியாவது கூட்டிச் சேருங்கள். காரணம் சொல்கிறேன். பெருஸ் மாத்தா புவாயா என்று ஒரு கண்டல் மரம் உண்டு. உலகம் முழுவதிலும் சில நூறு மரங்களே தெரியவந்திருக்கின்றன, மிக அருகிவிட்ட இனம். அப்படி ஒன்று உங்கள் கரையில் நின்றால்கூட நமக்கு அது இன்னொரு தூமு மாதிரிதான் தெரியும். தெரிந்தவர் கண்ணில் பட்டால் உங்கள் கோப்பின் எடையே மாறிவிடும்.

ஐந்தாம் படி: கெர்த்தாஸ் கெர்ஜா

திட்ட அறிக்கையை மலாயில் எழுதுங்கள். இருபது பக்கம் போதும், முதல் இரண்டு பக்கத்தில் எல்லாம் இருக்க வேண்டும், ஏனென்றால் மேலே இருப்பவர்கள் அதைத்தான் படிப்பார்கள். எங்கே, எவ்வளவு, யாருடைய நிலம், எந்தச் சட்டத்தின் கீழ் எந்த வகை, யார் பராமரிப்பார்கள், மாநிலத்துக்கு என்ன கிடைக்கும்.

கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியவில்லை. காட்டைக் காப்பாற்றுகிற மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் பணம் தருகிறது. இ.எஃப்.டி., அதாவது சூழல் பாதுகாப்புக்கான நிதி மாற்றம், என்று சொல்கிறார்கள். 2019 பட்ஜெட்டில் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கி, 2024இல் 200 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. அரசிதழில் ஏறிய நிலம் மாநிலத்துக்கு வருமானம் இல்லாத நிலம் என்ற பழைய வாதத்துக்கு இதைக் காட்டுங்கள்.

கரையோரப் பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது 2004 டிசம்பர் 26ஐ மறக்கமாட்டார்கள். கெடாவிலும் பினாங்கிலும் சுனாமி ஏறியபோது நாட்டில் 68 உயிர் போனது. அதற்குப் பிறகுதான் அரசாங்கமே கடலோரக் காடு நடுகிற திட்டத்தைத் தொடங்கியது. கார்பன் பற்றிக் கேட்டால், 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தோ-பசிபிக் கண்டல் காடுகளில் ஹெக்டருக்குச் சராசரியாகச் சுமார் 1,000 டன் கார்பன் இருப்பதாகக் கணக்கிட்டது, பெரும்பகுதி மரத்தில் இல்லை, கீழே சேற்றில். ஆனால் கார்பன் விற்றுக் காசு வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிறு துண்டுக்கு அந்தக் கணக்கு எடுக்கிற செலவே தாங்காது.

வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரைபடம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கோப்பை நடக்க வைப்பது

தனி ஆளாக மனு போட்டால் பதில் கடிதம் யார் பெயருக்கு வரும் என்றே தெரியாது. 7 பேர் இருந்தால் சங்கப் பதிவிலாகாவில் ஒரு சங்கம் பதியலாம். அது நாளாகும் என்றால், ஏற்கெனவே பதிவான குடியிருப்பாளர் சங்கத்தின் கடிதத்தாளிலோ மலேசிய இயற்கைக் கழகத்தின் சிலாங்கூர் கிளையோடு சேர்ந்தோ போடலாம். 1987இல் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா உருவானதே அந்தக் கழகமும் மாநில அரசும் சேர்ந்துதான். நம் வீட்டு வாசலில் இருக்கிற முன்மாதிரி அது. ஒரு தடவை போய் நடந்து பாருங்கள்.

மனுவின் பிரதி மாவட்ட நில அலுவலகம், மாநில வன இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா, சட்டமன்ற உறுப்பினர், சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் ஆகியோருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் 'தெரிமா', அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். எங்கள் முதல் மனு ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. முத்திரை வாங்காததால் கொடுத்தோம் என்று நிரூபிக்கவும் முடியவில்லை, எட்டு மாதம் வீண்.

அதற்குப் பிறகு நடப்பது இதுதான். நில அலுவலகம் சம்பந்தப்பட்ட இலாகாக்களின் கருத்தைக் கேட்கும். எல்லாம் சேர்ந்து மாநில ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குப் போகும். மாநில முதல்வரான மந்திரி புசார் தலைமையில் முடிவாகும். அப்புறம் நில அளவை, அப்புறம் அரசிதழ். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். புதியவர் வந்த முதல் மாதத்திலேயே போய் வணக்கம் சொல்லி, அந்த இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். கோபப்படாமல் மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிற ஒருவர் உங்கள் குழுவில் வேண்டும். எங்கள் குழுவில் அது ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "தெரேசா டீச்சர்" என்று இப்போது அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம், நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களாம்.

கோப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்தையும் கவனியுங்கள். ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்பார்கள். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது உங்கள் கரை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொழில்துறை நிறத்தில் இருந்தால் குறித்த தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அந்த வரைவில் அது சுற்றுச்சூழல் ரீதியில் முக்கியமான பகுதி என்று மாறினாலே, அரசிதழ் வருவதற்குள் யாரும் அவசரப்பட்டு நிலத்தை எழுதி வாங்குவது கடினமாகிவிடும்.

இனி கன்று

எல்லை முடிவான பிறகும்கூட, நடுவது கடைசி வேலை. நாங்கள் நட்ட 300 கன்று ஏன் போனது என்று பிறகு ஒருவர் விளக்கினார். கண்டல் மரங்கள் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, உயர்ந்த ஏற்றத்துக்குக் கீழே உள்ள உயரத்தில்தான் பிழைக்கும். நாங்கள் நட்டது எந்நேரமும் தண்ணீர் நிற்கிற தாழ்ந்த வெளிச்சேறு. அதுவும் அப்பி-அப்பி நிற்க வேண்டிய முன்வரிசையில் பக்காவை நட்டோம். அங்கே காடு இல்லாமல் போனதற்குக் காரணமே அது காடு வளரக்கூடிய உயரமல்ல என்பதுதான்.

ஆகவே காடு இறந்துகொண்டிருக்கும் இடத்தைக் கண்டால், முதலில் தண்ணீர் எங்கே தடைப்படுகிறது என்று தேடுங்கள். அடைபட்ட குழாய், தூர்ந்த ஓடை, மூடியே கிடக்கும் மதகு. கோலசிலாங்கூர்ப் பூங்காவில் வரப்பின்மேல் நடந்தால் இது கண்ணுக்குத் தெரியும். வரப்புக்கு வெளியே கடல்நீர் வந்து போகிற கண்டல் காடு. உள்ளே தண்ணீர் தடுக்கப்பட்ட பக்கம், மெல்ல மெல்ல வேறு காடாகவே மாறிவிட்டது. தண்ணீர் சரியாக வந்தால் விதையை அதுவே கொண்டுவரும்.

ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் கடற்கரைக்குப் போகிற நம் மக்களிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள். படையல் தட்டு, பிளாஸ்டிக் பை, மாலை நாரெல்லாம் அலையில் வந்து மூச்சுவேர்களில்தான் சிக்குகின்றன. மூச்சுவேர் மூடினால் மரத்துக்கு மூச்சு முட்டும். இலையில் படைத்து, பையைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னால் கேட்கிறார்கள். எங்கள் கோயில் குருக்களே பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்.

எங்கள் கோப்பு இன்னும் நடக்கிறது. இதற்கிடையில் வரப்பின்மேல் ஓர் இடத்தில் கட்டை ஒன்று அடித்து வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை பௌர்ணமிக்கு மறுநாள், வற்று நேரத்தில், அதே கட்டைமேல் கைப்பேசியை வைத்து அதே திசையில் ஒரு படம். பெயர், தேதி, நீர்மட்டம் எழுதிக் குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுவிடுவோம். யாராவது உள்ளே இயந்திரம் இறக்கினால் எந்த மாதம் இறங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. போன மாதப் படத்தில், பழைய வரப்பு உடைந்த இடத்துக்கு நேர் எதிரே, முழங்கால் உயர அப்பி-அப்பிக் கன்றுகள் தெரிகின்றன. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். படத்தைப் பெரிதாக்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தொன்று. ஒன்றைக்கூட நாங்கள் நடவில்லை.